ஏழு படகும் ஓர் அங்குலமும்

படகு கட்டுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதற்கு வரைபடம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, என்னைவிட நன்றாக மரம் தெரிந்த தச்சர்கள் திகனையில் இருக்கிறார்கள். நீங்கள் மூன்று பேரும் இந்த மாதம் இந்தப் படகு மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், புதிதாக வந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது கூப்பிட்டவர்களுக்கும் தெரியும். ஆகவே பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கும் இந்தத் தகரக் கூரை மடுவத்தில் பத்தொன்பது வருடம் படகுப் பொறுப்பாளராக இருந்தேன். அதற்கு முன்னால் கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தண்ணீரைக் கண்டால் தள்ளி நிற்கிற குடும்பம் எங்களுடையது. நான் நீந்தக் கற்றுக்கொண்டதே முப்பத்தெட்டு வயதில்தான், அதுவும் வேலை போய்விடும் என்று பயந்து.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஆரம்பத்தில் பாய்ப்படகு பார்க்க வருகிறவர்களுக்கு நான் காற்றைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பேன். கரும்பலகையில் அம்புக்குறி எல்லாம் போடுவேன். தலையை ஆட்டிக் கேட்பார்கள், மறு வாரம் வரமாட்டார்கள். எனக்கு மேலே இருந்த மனேஜர், பேர் வேண்டாம், அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் என் கையில் இருந்த சோக்கை வாங்கி வைத்துவிட்டு ஒரு கட்டு மணல்தாளைக் கொடுத்தார். "வர்றவங்க கையில இத குடுங்க. வேர்வை பட்ட எடத்துக்கு மனுசன் திரும்பி வருவான்" என்றார். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் மணல்தாள், பிறகு தேத்தண்ணி, காற்றுப் பாடம் கடைசியில்தான். நீங்களும் அதையே செய்யுங்கள்.

இனிப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

நம்முடைய படகு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பதினோரு அடி நீளம், இரண்டு பேர், இரண்டு பாய். சாதாரணக் குடும்பங்கள் ஒட்டுப்பலகையை வெட்டித் தாங்களே கட்டிக்கொள்ளட்டும் என்று வெளிநாட்டில் யாரோ பல காலத்துக்கு முன்னால் வரைந்தது. உலகம் பூராவும் அதற்கு ஒரே அளவு. காசு உள்ளவன் படகும் இல்லாதவன் படகும் ஒன்று, ஓட்டுகிறவன் மட்டும்தான் வேறு. அளவு பார்த்து, சரியென்றால் இந்த வகைப் படகுகளுக்கான சங்கத்தில் ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணைப் பாயில் தைத்த பிறகுதான் சங்கப் போட்டியில் படகு ஓடலாம்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது இங்கிருந்த மோட்டார் படகுகள் எல்லாம் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரிக் கிடந்தன. தண்ணீரில் தெரிந்தது ஒரே ஒரு பாய், ஹாஜியாருடையது. ஹாஜியார் என்றால் கட்டுகஸ்தோட்டையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். கொழும்பில் ஒரு குடும்பத்திடமிருந்து எண்ணோடு கூடிய அசல் படகு ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதைத் தனி வண்டியில், தனி உறையில் வைத்திருப்பார். யாராவது தொட்டால் முகம் மாறும்.

அவர் ஓடுவதைப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆள் இருக்கிறது, படகு இல்லை, இறக்குமதியும் இல்லை. கட்டுவோம் என்றேன். வரைபடம் வரவழைத்தேன். படகின் குறுக்குப் பலகைகளுக்கு உண்மையான அளவிலேயே வரைந்த பெரிய காகிதங்கள் அதில் இருந்தன. காகிதத்தைப் பலகையில் வைத்து அப்படியே கோடு கீறி வெட்ட வேண்டியதுதான்.

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம். கண்டி மழை உங்களுக்குத் தெரியும், அலுமாரிக்குள் வைத்த சேர்ட்டே பூஞ்சணம் பிடிக்கும். அசல் காகிதம் பசையிலும் ஈரத்திலும் கெட்டுவிடக் கூடாது என்று, டவுனில் காணி வரைபடங்கள் கொப்பி எடுக்கும் ஒரு கடைக்குப் போய்க் கொப்பி எடுத்தேன். அசலை பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கடைக்காரர் மேல் குற்றமில்லை. "இந்த மெஷின்ல அச்சா அதே சைஸ் வராது, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்று அவர் சொன்னார். நான்தான் வழுக்கும் மழைப் பாதையில் நடந்து போய் பஸ் பிடிக்க வேண்டுமே என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கொப்பியில்தான் எல்லாப் படகும் வெட்டினோம். அதோடு விட்டேனா? அளவு பார்க்க ஒரு கோல் செய்தேன், அழகான தேக்குக் கோல். அதையும் அந்தக் கொப்பியை வைத்தே செய்தேன். ஒவ்வொரு படகும் முடிந்ததும் கோலை வைத்துப் பார்ப்பேன், மயிரிழை பிசகாமல் பொருந்தும். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்வேன். பிழையைப் பிழையாலேயே அளந்தால் பொருந்தாமல் வேறென்ன செய்யும்?

ஒரு வழக்கம் வைத்திருந்தோம். படகு கட்டி முடித்தவர் அடுத்தவர் படகுக்கு நாலு ஞாயிறு வந்து கைகொடுக்க வேண்டும். அதனால் ஏழு படகிலும் எல்லார் கையும் பட்டிருக்கிறது. ஒன்று மடுவத்துக்குச் சொந்தம், ஆறு ஆறு குடும்பங்களுக்கு. அதில் ஒன்று ரஞ்சிதத்துடையது. பல்லேகலையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் லைன் மேற்பார்வை. கணவன் மனோகரன் ஆட்டோ ஓட்டுகிறவன். ஏழு படகுக்கும் பாய் தைத்தது ரஞ்சிதம்தான். வேலை முடிந்து பஸ் ஏறி இங்கே வந்து, தரையில் துணியை விரித்துப் போட்டுக்கொண்டு தைப்பாள். வாய் சும்மா இருக்காது, எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பாள். எனக்கு வைத்தது "மயிரிழை அண்ணன்".

ஹாஜியார் மட்டும் ஞாயிறு வேலைக்கு வருவதில்லை. வாங்கின படகுதானே, கடன் ஒன்றும் இல்லை. ஆணியும் பசையும் லாபம் வைக்காமல் தருவார், எங்களுக்குள் நாங்களே வைக்கும் போட்டியன்று வருவார், எல்லாரையும் தோற்கடிப்பார், போவார். காற்று மெல்லமாக இருக்கும் நாளில் அவரைப் பிடிக்கவே முடியாது.

இப்படி இரண்டு வருடம் போன பிறகு ஒரு நல்ல செய்தி வந்தது. கொழும்பிலிருந்து ஆறு படகுகள் வருகின்றன, இங்கே முதல் தடவையாகச் சங்கப் போட்டி. முதல் நாள் வெள்ளிக்கிழமை சங்கத்தின் அளவையாளர் வந்து நம் ஏழு படகையும் அளந்து எண் கொடுப்பார். சனிக்கிழமை எண்ணோடு ஓடலாம். ரஞ்சிதம் எண் தைக்கக் கறுப்புத் துணி வெட்டி வைத்துவிட்டாள். கம்பளையிலிருந்து அவள் வீட்டார் ஒரு வேன் பிடித்து வருவதாக இருந்தது. அவர்களில் ஒருவரும் அதுவரை இந்த விளையாட்டைப் பார்த்ததில்லை. 'எங்க புள்ள கட்டின கப்பல்' என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று.

புதன்கிழமை. விருந்தினர் படகுகளுக்கு இடம் வேண்டும் என்று ஹாஜியாரின் படகை நம் படகுகள் வைக்கும் மரத்தாங்கி ஒன்றில் தூக்கி வைத்தேன். இரண்டு பக்கமும் விரல் போகிற இடைவெளி. ஆடியது. பழைய படகு, சுருங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை. பிறகுதான் நினைவு வந்தது, அந்தத் தாங்கியும் கொப்பியை வைத்தே வெட்டியது. அலுமாரியைத் திறந்து அசல் காகிதத்தை எடுத்து, கொப்பியின் மேல் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம் கொப்பி வெளியே நின்றது.

ஏழு படகும் ஓர் அங்குலம் அகலம் கூடியவை. விதியில் அதற்கு இடமே இல்லை. எண் கிடைக்காது. கட்டி, ஒட்டி, வர்ணம் பூசிய படகில் ஓர் அங்குலத்தைக் குறைக்கவும் முடியாது. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள், ஆறு குடும்பங்கள். கதிரையில் உட்கார்ந்தவன் நெடுநேரம் எழும்பவில்லை. என் வேலையைப் பற்றிய பயமல்ல அது. இவர்கள் என்னை நம்பிக் கோடு கீறினார்களே என்பதுதான்.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். அளவையாளர் அவசரத்தில் வருவார், என் தேக்குக் கோலைக் கையில் கொடுத்தால் அதையே வைத்துப் பார்த்துவிட்டுப் போவார் என்று கணக்குப் போட்டேன். கோலைத் துடைத்து வாசல் மேசையில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். வியாழக்கிழமை ரஞ்சிதம் போன் எடுத்து, "எல்லாம் ரெடியாண்ணே? நாளைக்கு ஒன்னும் சொதப்பாதே?" என்று கேட்டாள். எல்லாம் சரி என்றேன். சொன்ன வாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்கிறவன் முட்டாள் அல்ல, பயந்தவன். பயந்த மனிதன் எடுக்கும் முடிவு எப்போதும் அந்த ஒரு நாளைக் கடத்துவதற்கானது. அடுத்த வருடம் இன்னொருவர் வந்து அளந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை பல் தீட்டும்போதுதான் அது உறைத்தது. அப்படி ஒருவர் அளக்கிற அன்று இந்தக் குடும்பங்கள் கள்ளர்கள் என்று பேர் வாங்கும், நான் அல்ல.

யாரிடம் முதலில் சொல்வது? அளவையாளரிடமா, மனேஜரிடமா? இல்லை. அடி யார் மேல் விழப்போகிறதோ அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டும். பஸ் ஏறிப் பல்லேகலைக்குப் போய், பகல் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை கேட்டில் நின்றேன். ரஞ்சிதம் கழுத்தில் அடையாள அட்டை ஆட, வேகமாக வந்தாள்.

"என்னண்ணே, இங்க வரைக்கும்? மனோவுக்கு ஏதுமா?"

"அவருக்கு ஒன்னுமில்லம்மா. படகுக்குத்தான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு, "நேத்து நான் கேட்டப்ப தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சரின்னு சொன்னீங்க."

"ஆமா."

"எங்க லைன்ல ஒரு புள்ள பிழையா தைச்சிட்டு வந்து சொன்னா நான் ஏச மாட்டேன். ஒளிச்சு வச்சு, பெட்டி கட்டின பொறகு தெரிய வந்தா அப்பதான் ஏசுவேன். நீங்க பெட்டி கட்டப் பாத்தீங்கண்ணே."

கேட்டில் நின்ற காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவள் விடவில்லை. "ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரியா? இல்ல ஏழும் அதே பிழைதானா?" என்று கேட்டாள்.

"ஏழும் ஒரே மாதிரிதான். ஒரே பேப்பர்."

"அப்ப அது கழிவு இல்லண்ணே, வேற சைஸ். மீடியம்னு வெட்டினது பெருசாப் போயி, மொத்தத்தையும் லார்ஜ்னு லேபல் போட்டு அனுப்பின நாளும் எங்களுக்கு இருக்கு. ஒன்னு மட்டும் தனியா நின்னாத்தான் தூக்கிப் போடணும்." மணி அடித்தது. போகத் திரும்பியவள், "அளக்க வர்ற அம்மா பைய தொறக்கறதுக்கு முந்தி சொல்லிடுங்க. மத்த அஞ்சு வீட்டுக்கும் நான் போன் போட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "இல்ல. நீங்களே போடுங்க."

போட்டேன். ஐந்து போனும் போட்டேன். ஒருவர் ஏசினார், ஒருவர் சிரித்தார், ஒருவர் பாதியில் வைத்துவிட்டார். நியாயம்தான்.

பின்னேரம் அளவையாளர் வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் வேலை பார்க்கும் அம்மா, கண்ணாடியும் கறாரும். ஆறு குடும்பமும் நின்றது, ஹாஜியாரும் நின்றார். அந்த அம்மா பையில் கைவைக்கும் முன்னால் நான் அசலையும் கொப்பியையும் தரையில் விரித்து, எல்லார் முன்னாலும் சொன்னேன். என் கோலை வைத்து அவரை ஏமாற்ற இருந்ததையும் சொன்னேன்.

"நல்லது. எண்டாலும் நான் அளப்பன்" என்றார். தன் கோலை எடுத்து ஏழு படகையும் அளந்தார், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "எண் வாங்கின படகுகளே ஒண்டுக்கொண்டு இதைவிட வித்தியாசம். வீட்டுக்காரர் கட்டின ஏழு படகு இவ்வளவு ஒரே மாதிரி இருந்து நான் பாக்கேல்ல." ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். "ஆனா விதி விதிதான். எண் தர ஏலாது. நாளைக்கு ரெண்டு போட்டியா வைப்பம். எண் உள்ள ஆக்கள் ஒரு பக்கம், நீங்கள் ஏழு பேரும் ஒரு பக்கம். ஹாஜியார், உங்கட படகு சரி. நீங்கள் எங்கட பக்கம்."

எல்லாரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள். அவர் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப தம்பி," என்று மெதுவாகக் கேட்டார், "ரெண்டு வருசமா நா முன்னுக்கு வந்ததெல்லாம் இந்த ஒரு அங்குலத்தாலயா?"

அகலம் கூடினால் மெல்லிய காற்றில் வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அவருக்கும் அது தெரியும். "பாதி அங்குலம், பாதி நீங்க ஹாஜியார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய் லொறியில் ஏறிவிட்டார்.

அன்று எனக்கு இருந்த பயம் எண்ணைப் பற்றியது அல்ல. எண் போய்விட்டது, அது முடிந்த கதை. சரியான படகு இருக்கிறவர் கொழும்பு ஆட்களோடு சேர்ந்துவிட்டால், நாளைக்கு வசதியுள்ள இன்னொருவர் தானும் சரியான படகு வாங்குவார். பிறகு இந்த ஏழும் பிழையான படகுகள் என்று பேர் வாங்கி, ஒவ்வொன்றாக வீட்டுக் கொல்லையில் போய்க் கவிழும். படகு கட்டுவது சுலபம் பிள்ளைகளே. அதைச் சுற்றி ஆட்களைக் கட்டி வைப்பதுதான் நம்முடைய வேலை, அது ஒரு வார்த்தையில் அவிழ்ந்துவிடும்.

சனிக்கிழமை காலை கம்பளை வேன் வந்து இறங்கியது. சாப்பாட்டுப் பெட்டிகள், பாய், குடை, ஒரு கூட்டமே வந்தது. ரஞ்சிதம் அவர்களிடம் எண் கிடைக்காத கதையை மறைக்காமல் சொன்னாள், அவர்களுக்கு அதில் பெரிய கவலை ஒன்றும் இல்லை. எது நம்ம படகு என்றுதான் கேட்டார்கள். ஹாஜியார் நேரத்துக்கு வந்தார். தன் படகின் உறையைக் கழற்றினார், பாயை ஏற்றினார். எனக்கு மனசு விழுந்துவிட்டது.

பிறகு, கொழும்பிலிருந்து படகில்லாமல் கூட வந்திருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, கயிற்றை அவர்கள் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது முகம் மாறியது, ஆனால் கொடுத்தார். அளவையாளரிடம், "என்ட படகு ஒங்கட பக்கம் ஓடட்டும். நா இந்தப் பக்கம்" என்றார். நேராக என்னிடம் வந்து, "தம்பி, மடுவத்துப் படகுல எனக்கு எடம் ஈக்குதா?" என்று கேட்டார்.

"வழமையவிட ஒரு அங்குலம் கூடவே ஈக்குது ஹாஜியார்" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

அவர் சுக்கான் பிடித்தார், நான் முன்பாயைப் பிடித்தேன். மெல்லிய காற்று. அகலப் படகு அவர் கைக்குப் பழகவில்லை, திருப்பும் ஒவ்வொரு இடத்திலும் பிந்தினோம். ரஞ்சிதமும் மனோகரனும் எங்களைத் தாண்டிப் போனபோது, "ஹாஜியார், வழி தெரியுமா? கூட்டிட்டுப் போகவா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். அவர் பதிலுக்குத் தண்ணீரை அள்ளி வீசினார். பாயில் எண் இல்லாததால் முடிவுக் கோட்டில் நின்ற அளவையாளர் யார் எவர் என்று தெரியாமல் திண்டாடினார். கரையில் இருந்தவர்கள் ஒவ்வொரு படகு வரும்போதும் பேரைச் சொல்லிக் கத்த, அவர் பேரை எழுதிக்கொண்டார். முதலில் ரஞ்சிதம். கம்பளைக் கூட்டம் குடையை எல்லாம் தூக்கி ஆட்டியது. கடைசியில் நாங்கள். ஏழுக்கு ஏழாவது.

கரையேறி, நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டு நின்ற ஹாஜியார் என்னிடம், "பலகைக்கு நா சொல்லிட்டன். எனக்கும் இந்த அகலத்துல ஒன்னு கட்டணும், தம்பி" என்றார்.

பக்கத்தில் இருந்த அளவையாளர் காதில் அது விழுந்தது. "ஹாஜியார், கட்டுறதெண்டா சரியான அளவில கட்டுங்கோவன். எண் தரலாம்" என்றார், நல்லதுக்குத்தான்.

"நம்பர் என்டகிட்ட ஏற்கனவே ஈக்குது மகள்" என்றார் ஹாஜியார். "கூட ஓடத்தான் ஆள் வேணும்."

மறுநாள் ஞாயிறு. காலை எட்டு மணிக்கு ஹாஜியாருடைய லொறி பலகையோடு மடுவத்துக்கு முன்னால் வந்து நின்றது, அவருக்கு முன்னாலேயே ஆறு குடும்பமும் வந்திருந்தது.